சமய வாதத்தில் நடுவர் கடமை

இற்றைநாளிற் பட்டிமன்றம் என்றதும், இரு கட்சியாருக்கும் இடையே வீற்றிருந்து, அவர்களை நயமாகக் கடிந்து, ஈற்றில் தீர்ப்புரைக்கும் நடுவரே முதற்கண் நினைவுக்கு வருவர். அத்தீர்ப்பைக் கேட்டற்பொருட்டே இறுதிவரை இருப்போரும் பலர். இலக்கியப் பொருள் பற்றிய அரங்குகளுக்கு இம்முறை பொருந்துவதாகலாம். கற்பிற் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்னும் வினாவுக்கு எத்தீர்ப்பு வழங்கினும் எவர்க்கும் ஊறில்லை. சமய வாதமோ அத்தன்மைத்தன்று. ஒருவன் தன் உயிர்க்கு உறுதியெனப் பற்றி நிற்கும் கொள்கையை அவையில் வைத்து, 'நீ தோற்றாய்' எனக் கூறுதற்கு உரியார் யாவர்? அங்ஙனங் கூறுதல்தான் நடுவர் கடமையா? இவ்வினாவை உட்கொண்டு பழந்தமிழ்ச் சமய நூல்களை நோக்குவார்க்குப் பயனுடைய செய்திகள் சில புலனாகும்.

மணிமேகலையின் முதற் காதையாகிய விழாவறை காதையிற் புகார் நகரத்து இருபத்தெட்டு நாள் இந்திரவிழா யானைமீது முரசறைந்து அறிவிக்கப்படுகின்றது. தோரணமும் பூரணகும்பமும் பொலிவிக்குமாறு கூறிய முரசறைவோன், சமயவாதியரை நோக்கியும் சில கூறுகின்றான். தத்தம் சமயப்பொருளை நிறுவ வல்லோர் பட்டிமண்டபத்து முறையறிந்து ஏறுக. மாறுபட்டோருடன் இருக்க நேரினும் செற்றமும் பூசலும் விளைக்காது அகலுக என்பது அவன் கூற்றின் கருத்து. அப்பட்டிமண்டபம் மகத வேந்தன் சோழனுக்கு அளித்ததென்பது சிலப்பதிகாரத்தாற் பெறப்படும். ஈண்டு வெற்றி தோல்வி பேசப்படவில்லை. தீர்ப்புரைப்பார் ஒருவரும் சுட்டப்படவில்லை. சினம் அவையிற் புகலாகாது என்னும் விதியொன்றே சுட்டப்படுகின்றது. அவ்விதியைக் கூறுவோனும் அறிஞனல்லன், முரசறைவோனே. நடுவர் ஒருவர் ஆற்றத்தக்க பணி இவ்வளவே என்பது சாத்தனார் கருத்துப் போலும்.

அக்கருத்தைத் தம் காப்பியத்தின் பிற்பகுதியில் அவர் எங்ஙனம் போற்றினார் என்பது ஆராயத்தக்கது. இருபத்தேழாம் காதையில் மணிமேகலை வஞ்சிமாநகர் புகுந்து சமயக் கணக்கர் பதின்மரை வினாவுகின்றாள். இளம்பெண் என்றெண்ணி எவரும் மெய்ப்பொருள் உரையார் என்பதனால் மாதவன் வடிவங் கொண்டே புகுகின்றாள். அவையின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதைக் காப்பியம் இவ்வாறு குறிப்பாற் கூறிவிடுகின்றது. அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாக ஒவ்வொருவரும் இடையீடின்றித் தம் கொள்கையைக் கூறுகின்றனர். அவள் கேட்கும் பாங்கு சாலச் சிறந்தது.

ஆயினும் அவையை நிரல்செய்த புலவர் காலத்தைச் சமமாகப் பகுத்தாரல்லர். அளவைவாதியும் ஆசீவகனும் அடி பல பெறுகின்றனர். சைவவாதி சில அடிகளோடு அமைகின்றான். வைணவவாதியோ இரண்டடியில் தன் சமயத்தைக் கூறி முடித்தவனாகின்றான். பௌத்தப் புலவர்க்கு அளவை நூலில் இருந்த ஈடுபாடு இதற்குக் காரணமாகலாம். காரணம் யாதாயினும், ஒருவனை நெடிது பேசவிட்டு மற்றொருவனை வாய்திறந்தவுடன் அமர்த்தும் அவைத்தலைவரை இக்காலத்து மாணவர் மன்றமும் பொறாது.

மற்றுமொன்று. பூதவாதி உரைத்தவற்றையெல்லாம் கேட்ட மணிமேகலை, அவை நல்லன அல்லவாயினும் தான் எதிர் கூறப்போவதில்லை என்கின்றாள். என்றவள் அடுத்த கணமே, முற்பிறப்பை அறிந்தாரும் உளரோ என வினவி நகைத்தும் விடுகின்றாள். அஃது ஐயமேயன்றி வேறில்லை என அவன் கூற, நின் தாய் தந்தையரை அநுமானத்தாலன்றி எவ்வாறு அறிவாய் என மடக்குகின்றாள். வினா கூரியது, காட்சியொன்றே அளவையெனக் கொள்வானுக்கு விடையிறுத்தல் அரிது. எனினும் கேட்போளாக அமர்ந்தவள் கட்சிக்காரியாக எழுந்துவிட்டாள் என்பதும் உண்மை. நடுநின்று கேட்டல் எத்துணை அரிதென்பதற்கு இச்சிறு நகை ஒன்றே சான்று.

இனிச் சேக்கிழார் பெருமான் காட்டும் மதுரை அவையை நோக்குவாம். ஆங்குத் தீர்ப்புரைக்க இருப்பவன் பாண்டியன். அவனே வெப்புநோயால் வருந்தியவன். அவனது உடலின் ஒரு பாகத்தைத் தீர்க்கவியலாது சமணர் தோற்கப் பிள்ளையார் மற்றைப் பாகத்தைத் தீர்த்தருளுகின்றார். தீர்ப்பு அவன் மெய்யிலேயே நிகழ்ந்துவிட்டது. அதன்பின் அவன் நடுவனாக அமர்தல் யாங்ஙனம்? அனல்வாதத்தின்போது சாம்பரான ஏட்டைத் தேடும் சமணரை அவன் எள்ளி நகையாடுவதும் இதனாலேயே. ஈண்டுப் பெரிதும் நோக்கற்பாலது பின்வரும் நிகழ்ச்சி. இனித் தோற்போரைச் செய்வது யாது என அமைச்சர் குலச்சிறையார் வினாவ, வெகுளி மீதூர்ந்த சமணர், தாம் தோற்பின் வேந்தன் தம்மைக் கழுவேற்றுக என்கின்றனர். செற்றத்தாற் கூறினீர் என அரசன் தானே அவர்க்கு எடுத்துரைக்கின்றான். உரைத்தும் அச்சொல்லைத் தள்ளிவிடவில்லை. புனல்வாதம் அந்த ஒட்டத்தின்மேலேயே நடைபெறுகின்றது. புகாரின் முரசு எதனை அவையினின்று விலக்கிற்றோ, அதுவே மதுரையில் ஒப்பந்தமாயிற்று.

பிள்ளையார்க்குச் சமணர்பாற் பகையின்மையையும், மடத்திற்குத் தீயிட்ட பிழைபற்றி அவர் வேந்தன் செயலை விலக்காதிருந்தமையையும் சேக்கிழார் மறையாது கூறியுள்ளார். அத்தொண்டர்சீர் பரவுவார் இவ்விடத்தை விரைந்து கடந்து செல்லாமை குறிக்கற்பாலது. சைவர் சிலர் இப்பகுதியைப் படிக்குங்கால் வெற்றிப் பெருமிதமே கொள்வர்; சிலர் இதனைப் பேசவே கூசுவர். இருதிறத்தாரும் அரசன் கூறிய அவ்வொரு சொல்லைக் கவனித்திலர். வாதத்தின் பந்தயத்தை மறுக்கும் உரிமை நடுவனுக்கு இருந்தது. அவன் அதனைக் கையாளவில்லை.

இதனோடு ஒப்பிடத்தக்கவள் மாதவீய சங்கர விஜயம் கூறும் உபயபாரதி. வாதம் புரிவோருள் ஒருவர் அவள் கணவராகிய மண்டனமிசிரர். அவள் இருவர் கழுத்திலும் மாலையிட்டு, எவர் மாலை வாடுமோ அவர் தோற்றவர் எனக் கூறித் தன் மனைப்பணிக்குச் சென்றாள் என்ப. தன் பற்றுத் தீர்ப்பிற் கலவாதவாறு அவள் செய்துகொண்ட ஏற்பாடு அது.

ஈழத்தில் நிகழ்ந்த பாணந்துறை வாதம் மற்றொருவகையது. 1873ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் 28ஆம் நாள்களில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் பௌத்தர் சார்பிலும், டேவிட் டி சில்வா பாதிரியார் முதலியோர் கிறித்தவர் சார்பிலும் வாதிட்டனர். ஒருவர்க்கு ஒருமணி நேரம் என்பது வரையறை. சாத்தனார் வைணவவாதிக்கு மறுத்த நீதியைக் கடிகாரம் வழங்கிற்று. அவ்வுரைகள் ஆங்கிலத்தில் வெளிவந்து கடல்கடந்து சென்றன. அவற்றைப் படித்த ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வந்தார். இருபக்க உரைகளும் பதிவாகாதிருப்பின் இஃது இயலாது.

பதிவு என்னும் இக்கடமையிற் சைவ ஆசிரியர் பின்னிற்கவில்லை. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் மதத்தையும் முதலிற் கூறிப் பின்னரே மறுக்கின்றார். உலகாயதன் பகுதியைத் தனித்துப் படிப்பார், அஃது உலகாயதன் ஒருவனே யாத்ததோ என ஐயுறுதலுங் கூடும். மறுப்புக்கு மறுப்புக் கூற மாற்றானுக்கு இடமில்லை என்பது மெய்யே; நூலாசிரியரே நடுவராகவும் கட்சிக்காரராகவும் இருக்குமிடத்து வேறு செய்வதற்கில்லை.

நீலகேசியின் செய்தி இன்னும் உருக்கமானது. குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியத்தை மறுத்தற்கெழுந்த சைன நூல் அது. நாவற்கிளை நட்டு நாடெங்கும் வாதுக்கழைத்த குண்டலகேசி, சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தம் சார்ந்தவள். நீலகேசியோ அவளைத் தோற்பிக்கின்றாள். பௌத்த காப்பியம் இன்று முழுமையாகக் கிடைப்பதில்லை. சில பாடல்களே எஞ்சின. அதன் வாதநெறியை ஓரளவேனும் அறிதற்கு, நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவர் வகுத்த உரையை நாடவேண்டியுள்ளது. தாம் மறுக்கப்புகும் பாட்டுக்களின் முதற்குறிப்புக்களை அவர் முறையாக எடுத்துக்காட்டிச் செல்கின்றார். அக்காலத்து மாணாக்கர் முழுப்பாட்டையும் நெட்டுருவாக அறிந்திருந்தனர் போலும். ஆதலின் முதற்சொற்களே அவர்க்குப் போதியனவாயின.