ஒரு மாவட்டமும் இரு முனைத் தமிழரும்

கொழும்பு மாநகரத்தின் வடகோடியில் துறைமுகத்தை ஒட்டிக் கிடக்கும் கொட்டாஞ்சேனையிலும், தென்கோடியில் கடலோரமாக நீண்டு செல்லும் வெள்ளவத்தையிலும் திரளாகவும், இடையிலுள்ள வட்டாரங்களிற் சிதறியும் வாழுகின்ற தமிழ் மக்களுக்கு, தொகுதிக்கு ஒருவர் என்ற முறை நிலவிய காலத்தில், தம் வாக்கின் பலத்தால் மாத்திரம் தம்மவர் ஒருவரைச் சட்டசபைக்கு அனுப்புவது மிகவும் அரிய காரியமாகவே இருந்தது. விதிவிலக்கு இல்லாமற் போகவில்லை. 1931இல் கொழும்பு வடக்கில் வைத்தியர் ரத்னஜோதி சரவணமுத்துவும், அவர் தேர்தல் வழக்கிற் பதவியிழந்த பின்னர் 1932இல் அவருடைய மனைவியார் நேசம் சரவணமுத்துவும் தெரிவானார்கள். ஆனால் அவை அவ்விருவரின் தனிச் செல்வாக்குக்குச் சான்றாகுமேயன்றி, முறையின் நன்மைக்குச் சான்றாகா.

சிங்களத் தலைவர்களுக்கும் தமிழ்த் தலைவர்களுக்கும் இடையே உண்டான முதற்பெரும் பிளவு யாழ்ப்பாணத்தைப் பற்றியதன்று, கொழும்பைப் பற்றியது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராக அமர்ந்தபோது, மேல் மாகாணத் தமிழருக்கென ஓர் ஆசனத்தை ஆதரிப்பதாக ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் முந்திய வருஷத்தில் எழுத்து மூலம் கொடுத்த உறுதிமொழி அவர் கையில் இருந்தது. அவ்வுறுதி கைவிடப்பட்ட 1921இல் அவர் காங்கிரசை விட்டு விலகினார். பின்னர் 1924இன் சீர்திருத்தத்தில் அந்த ஆசனம் கிடைத்தது; 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் இனவாரித் தொகுதிகளை அடியோடு நீக்கியபோது அதுவும் போயிற்று. இனத்தின் பெயரால் ஆசனம் ஒதுக்குவது நல்லதல்ல என்ற டொனமூர்க் குழுவினரின் அபிப்பிராயத்தை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆயினும் ஒதுக்கீட்டை நீக்கியவர்கள், சிதறிக் கிடக்கும் சிறுபான்மைக்கு அதற்கு மாற்றாக யாதொரு வழியையும் வைத்துவிட்டுப் போகவில்லை.

சோல்பரி யாப்பு அந்தக் குறையை ஓரளவு உணர்ந்திருந்தது. பல அங்கத்தவர் தொகுதி என்ற ஏற்பாட்டின்படி மத்திய கொழும்பு 1947இல் மூவரைத் தெரிவு செய்தது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள், அவற்றைப் பிரித்தும் கொடுக்கலாம், மூன்றையும் ஒருவருக்கே சேர்த்தும் அளிக்கலாம். அத்தேர்தலிற் தொழிற்கட்சியின் ஏ. ஈ. குணசிங்கவும், ஐக்கிய தேசியக் கட்சியின் டி. பி. ஜாயாவும், கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமனும் வென்றார்கள். ஒரு சிங்களவர், ஒரு முஸ்லிம், ஒரு பறங்கியர் என மூன்று சமூகத்தாரும் மூன்று கட்சியாரும் ஒரே தொகுதியின் குரலாயினர். முப்பது வருஷ காலம் நிலைத்த அவ்வேற்பாட்டை, இந்நகரத்தின் இயல்புக்குப் பொருந்திய தேர்தல் முறைகளுள் சிறந்ததென்றே கருதுகிறேன்.

அதனைக் கைவிடச் செய்தது கொழும்பின் கணக்கன்று, நாட்டின் கணக்கு. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியைவிடச் சற்றே அதிகமான வாக்குகளைப் பெற்றும் 17 ஆசனங்களோடு நின்றது; சுதந்திரக் கட்சிக்கோ 91 ஆசனங்கள். 1977இற் காற்று மாறி வீசியபோது, பாதியைச் சற்றே கடந்த வாக்குகளைக் கொண்டு ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வாரிக்கொண்டது. இவ்வநீதியைத் தீர்க்கவென்று 1978இன் அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவர, 1989 பெப்ரவரியில் முதன்முறையாக அவ்விதம் பொதுத் தேர்தல் நடந்தது. மொறட்டுவை முதல் அவிசாவளை வரை பரந்த 15 தேர்தற் பிரிவுகள் சேர்ந்து கொழும்பு என்ற ஒரே தேர்தல் மாவட்டமாயின.

முறையின் இயக்கத்தை 2020ஆம் ஆண்டின் முடிவைக் கொண்டு காண்பது சுலபம். மாவட்டத்துக்கு அப்போது 19 ஆசனங்கள். செல்லுபடியான வாக்குகளில் 5 சதவீதத்தை எட்டாத கட்சிகளை விலக்கி, முதலிடம் பெற்ற கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்றை எடுத்து வைத்தபின், எஞ்சிய வாக்குகளை 18ஆல் வகுத்தால் ஆசனம் ஒன்றுக்கு ஏறத்தாழ 62,700 வாக்குகள் என்று வரும். பொதுஜன பெரமுனவுக்கு 12, ஐக்கிய மக்கள் சக்திக்கு 6, தேசிய மக்கள் சக்திக்கு 1. சுமார் 67,600 வாக்குகளோடு மூன்றாவதாக வந்த கட்சியும் சபையில் இடம் பெற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் எழுதப்பட்டவாறு எட்டில் ஒரு பங்கு என்ற வெட்டுப்புள்ளி நின்றிருந்தால் அக்கட்சிக்கு ஒன்றும் கிடைத்திராது. அதனை 5 சதவீதமாகக் குறைத்த 1988இன் பதினைந்தாம் திருத்தத்துக்கு, முஸ்லிம் காங்கிரசின் தலைவர் அஷ்ரப்பின் வற்புறுத்தல் காரணமாயிற்று என்பர்.

கொழும்புத் தமிழருக்கு இம்முறை செய்த உபகாரம் பெரிது. கொட்டாஞ்சேனை வாக்கும் வெள்ளவத்தை வாக்கும் வெவ்வேறு தொகுதிகளில் வீணாகாமல், முதன்முறையாக ஒரே கணக்கில் வந்து சேர்ந்தன. மனோ கணேசனும், 2004இற் கொழும்பிற் போட்டியிட்ட தியாகராஜா மகேஸ்வரனும் பாராளுமன்றம் சென்றது இவ்விதமே. அந்த ஆசனங்களின் பெறுமதி யுத்த காலத்திற் புலப்பட்டது. வெள்ளை வான்களில் ஆட்கள் கடத்தப்பட்ட 2006இல் அவற்றைப் பதிவு செய்ய ஒரு கண்காணிப்புக் குழு அமைந்ததும், 2007 ஜூனில் விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்ட வேளையில் சபையினுள்ளே கண்டனக் குரல் எழுந்ததும், அங்கே அமர நம்மவருக்கும் இடமிருந்தபடியாலேயே. அதற்குரிய விலையும் சிறிதன்று. 2008ஆம் ஆண்டின் முதல் நாளிற் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தில் மகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இனி, குறைகளுக்கு வருவோம். அவற்றுள் தலையாயது, இவ்வாசனம் பெரும்பாலும் ஒரு பெரிய கட்சியின் பட்டியலுக்குள்ளே நின்றுதான் பெறப்படவேண்டும் என்பது. தனிப் பட்டியலாக நிற்கலாமே என்றால், மாவட்டத்தின் 5 சதவீதம் அறுபதினாயிரத்தை நெருங்குகின்றது. சிறிது தவறினும் வாக்கனைத்தும் பாழ். ஆகவே பெரிய பட்டியலிற் புகுந்து, விருப்பு வாக்கில் உடன் வேட்பாளர்களையே முந்தவேண்டிய நிர்ப்பந்தம். எதிர்க்கட்சியோடு செய்யும் போரைவிடச் சொந்தக் கட்சியினரோடு செய்யும் போர் உக்கிரமாக இருப்பதும், பதினைந்து பிரிவுகளிலும் சுவரொட்டி ஒட்டப் பணமுள்ளவன் முந்துவதும் இதன் விளைவுகள். 2020இல் ஐக்கிய மக்கள் சக்தியின் ஆறு ஆசனங்களில் ஆறாவதாக, 62,091 விருப்பு வாக்குகளோடு மனோ கணேசன் கரையேறினார். 2024இல் மாவட்டத்தின் 18 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி 14ஐப் பெற, ஐக்கிய மக்கள் சக்திக்கு நான்கு மட்டுமே மிஞ்சின. நான்காவதுகூட மீதி வாக்குக் கணக்கினாற் கிடைத்ததே. கணேசன் அதற்குள் வரவில்லை. பின்னர் அவர் தேசியப் பட்டியல் வழியாகச் சபைக்கு வந்தார் என்றாலும், அது கட்சித் தலைமை தந்த ஆசனமேயன்றி வாக்காளர் தந்ததன்று.

2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி மாவட்டத்தில் இலங்கைத் தமிழரும் மலையகத் தமிழருமாகப் பத்தில் ஒருவருக்குச் சற்றுக் கூடுதலானோர் தமிழர். விகிதாசாரம் என்ற பெயருக்கு நேர்மையாயின் 18இல் இரண்டு ஆசனம் அவர்களுக்குரியது. தமிழர் தமிழருக்கே வாக்களிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்நகரத்தில் அவ்வாறு ஒருபோதும் நடந்ததுமில்லை, 2024இன் அலையில் தமிழ் வாக்காளரும் சேர்ந்தே சென்றார்கள். ஆனால் ஒரே தேர்தலில் ஒரு வேட்பாளர் 655,289 விருப்பு வாக்குகள் பெறும் அளவுக்கு மாவட்டம் விரிந்துவிட்டபின், கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் வெள்ளம் நின்றால் எந்தப் பிரதிநிதியிடம் போவது என்று அங்குள்ள குடும்பத்தலைவிக்குத் தெரியாது. பதினெட்டுப் பேரும் அவளுடைய பிரதிநிதிகள், ஆகவே ஒருவரும் அல்லர்.

இதற்குப் பரிகாரமாகத் தொகுதி முறையைக் கலந்துவிடலாம் என்போர் உள்ளனர். 2017இல் மாகாண சபைகளுக்கு அவ்வாறு பாதிக்குப் பாதி சட்டம் செய்தார்கள். 2018இல் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்தில் ஓர் ஆதரவு வாக்குமின்றித் தோற்க, மேல் மாகாண சபைக்கு 2014க்குப் பின் தேர்தலே இல்லை. மாநகர சபையில் கலப்பு முறை வந்த 2018இற் கணேசனின் ஜனநாயக மக்கள் முன்னணி ஏணிச் சின்னத்தில் தனித்து நின்று 119இற் பத்து ஆசனங்கள் பெற்றது உண்மையே. அப்பேறு பட்டியற் பகுதியின் உதவியாற் கிடைத்ததாகும். தனித் தொகுதிகளில் இரு முனைத் தமிழரும் மீண்டும் பழைய நிலைக்கே போவார்கள்.

என் துணிபு வேறு. பல அங்கத்தவர் மாவட்டம் நல்லது. இந்த மாவட்டம் அளவுக்கு மீறிப் பெரிது. அரசியலமைப்பு 20 முதல் 24 வரை தேர்தல் மாவட்டங்களை அனுமதித்திருக்க, வகுக்கப்பட்டவை 22 மாத்திரமே. கொழும்பு வடக்கு, மத்திய கொழும்பு, பொரளை, கொழும்பு கிழக்கு, கொழும்பு மேற்கு என்னும் ஐந்து நகரப் பிரிவுகளையும் தனி மாவட்டமாக்கினால், நாலில் ஒரு பங்கைக் கடந்து நிற்கும் நகரத் தமிழருக்கும், மாளிகாவத்தை முஸ்லிம்களுக்கும், இன ஒதுக்கீடு எதுவுமின்றியே தத்தம் இடம் கிடைக்கும். பிரதிநிதியின் முகமும் தெரியும். மாவட்டம் சிறுத்தால் ஓர் ஆசனத்துக்கு வேண்டிய வாக்கு வீதம் உயரும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஐந்தாறு ஆசனங்களில் ஒன்றைப் போனஸாக வெற்றியாளனுக்கு வழங்கினால் அத்தீங்கு இரட்டிப்பாகும்; ஆதலால் போனஸ் ஆசனத்தை முதலில் ஒழித்தாக வேண்டும். விருப்பு வாக்கைப் பற்றி எனக்கு அவ்வளவு உறுதியில்லை. அதை நீக்கினாற் பட்டியலின் வரிசை கட்சித் தலைவர் கைக்குப் போய்விடும் என்பதால், சிறிய மாவட்டத்தில் அது இருந்துவிட்டுப் போகலாம்.

இவையெல்லாம் சட்டம் செய்வோர் கையில் உள்ளவை. நம் கையில் உள்ளதொன்று உண்டு. வெள்ளவத்தையின் மாடிவீடுகளில் ஆண்டுக்கணக்காகக் குடியிருந்தும், வாக்காளர் இடாப்பிற் பெயரை ஊரிலேயே விட்டுவைத்திருப்போர் பலர். ஆறாவது ஆசனமும் மீதி வாக்கில் வந்த நான்காவது ஆசனமும் எவ்வளவு நூலிழையிற் தொங்கின என்று அறிந்த பின்னும் அவ்வாறு இருப்பது தகாது. இடாப்புத் திருத்தத்துக்கான படிவத்தைக் கிராம அலுவலர் இவ்வருஷம் கொண்டுவரும்போது, வசிக்கும் இடத்திலேயே உங்கள் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.