அம்மாவின் முடியும் எஸ்டியின் விக்கும்

2003-ல் என் அம்மா திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டாள். காரணம் நான்தான். என்னை பி.காம். முடிக்கவிடாமல் காஸ்ட் அக்கவுண்டிங் என்று ஒரு பேப்பர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஊற்றிக்கொண்டது. மூன்றாவது தடவை நான் பரீட்சைக்குக் கிளம்பும்போது, பிள்ளை பாஸானால் முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பாஸானேன். நாற்பத்தொரு மார்க். அதற்கு விலை, இடுப்பு வரை தொங்கிய அம்மாவின் முடி. கல்யாணகட்டாவில் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது.

அந்த முடி அப்புறம் எங்கே போயிற்று என்று நான் யோசித்ததே இல்லை. அடுத்த வருஷம் மே மாதம் யோசிக்க வேண்டி வந்தது.

2004 மே. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலும் இஸ்ரேலிலும் ஆசாரமான யூதர்கள் நடுத்தெருவில் விக்குகளைக் குவித்துப் போட்டுக் கொளுத்தினார்கள். விஷயம் இதுதான். கட்டுப்பாடான யூதக் குடும்பங்களில் கல்யாணமான பெண் தன் தலைமுடியை வெளி ஆண்களுக்குக் காட்டக் கூடாது. துணியால் மூடிக்கொள்ளலாம், அல்லது விக் வைத்துக்கொள்ளலாம். நல்ல விக் என்றால் நிஜ மனித முடி. நிஜ முடிக்கு உலக மார்க்கெட்டில் பெரிய சப்ளையர் யார்? நம்ம ஏழுமலையான்!

ஜெருசலேமில் யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவ் என்று ஒரு ரப்பி இருந்தார். ரப்பி என்றால் யூத மதகுரு. இவர் சொல்லிவிட்டால் அப்பீல் இல்லை என்கிற அளவுக்குப் பெரியவர். திருப்பதி முடி ஒரு விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது, அதிலிருந்து யூதர்கள் எந்தப் பலனையும் அடையக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பலன் அடையக் கூடாது என்றால் விற்கவும் கூடாது. ஆசை ஆசையாக வாங்கிய விக்கெல்லாம் ஒரே வாரத்தில் குப்பை.

தீர்ப்புக்கு முன்னால் லண்டனிலிருந்து ஒரு ரப்பி திருப்பதிக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். மொட்டை அடிப்பது வழிபாட்டில் சேர்த்தியா, இல்லை வழிபாட்டுக்கு முந்தைய தயாரிப்பா? சன்னதிக்கு வெளியே தானே சிரைக்கிறார்கள், அது எப்படிப் படையல் ஆகும்? இப்படி வாதம், எதிர்வாதம். நம் ஊரில் ஒரு பாட்டியைக் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். அதற்கு நாம் வைத்திருக்கிற பெயரே ‘முடிக் காணிக்கை’ அல்லவா?

அம்மாவுக்கு அது நேர்த்திக்கடன். ஏலம் எடுத்தவருக்கு அது சரக்கு. புரூக்ளின் பெண்மணிக்கு அது முதலில் மானத்தை மறைக்கிற கவசம், பிறகு தொடவே கூடாத பாவம். ஒரே முடி, எத்தனை கணக்குப் புத்தகங்களில் எத்தனை என்ட்ரி பாருங்கள்!

இந்தப் பழைய கதையெல்லாம் ஏன் என்கிறீர்களா? 2020-ல், ஊரடங்கு நேரத்தில், நெட்ஃப்ளிக்ஸில் ‘அன்ஆர்த்தடாக்ஸ்’ என்று ஒரு தொடர் வந்தது. நாலே எபிசோட். மரியா ஷ்ரேடர் இயக்கம். அதற்காக எம்மி விருதும் வாங்கினார். பெரும்பகுதி இத்திஷ் மொழியில் பேசுகிறார்கள். அம்மாவுக்கு சீரியல்கள் எல்லாம் ஷூட்டிங் இல்லாமல் நின்றுபோயிருந்தன. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் சப்டைட்டிலைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, நாலு எபிசோடையும் ஒரே ராத்திரியில் பார்த்து முடித்தோம்.

எஸ்டி என்று பத்தொன்பது வயசுப் பெண். புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதி. அங்கே சாட்மார் என்ற யூதப் பிரிவினர் நெருக்கமாக வாழ்கிறார்கள். ஹிட்லரின் முகாம்களுக்குப் பலி கொடுத்ததுபோக மிஞ்சியவர்கள் அமெரிக்கா வந்து கட்டிய சமூகம் அது. செத்துப்போன அறுபது லட்சம் பேருக்குப் பதிலாகப் பிள்ளை பெற வேண்டும் என்பது அங்கே பெண்களின் தலையில் ஏற்றப்பட்ட பாரம். எஸ்டிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷமாகப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் படுக்கையறையைத் தவிர எல்லோரும் எல்லா இடத்திலும் அவள் படுக்கையறையைப் பற்றியே பேசுகிறார்கள். ஒருநாள் பெர்லினுக்கு ஓடிவிடுகிறாள். கணவன் யாங்கியும் அவன் உறவுக்காரன் மோய்ஷேயும் தேடிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

முதல் காட்சியே பிரமாதம். அன்றைக்கு சப்பாத், அதாவது சனிக்கிழமை ஓய்வு நாள். பையோடு கிளம்பிய எஸ்டி, கீழே வந்தால் கம்பி அறுந்துவிட்டது என்கிறார்கள். என்ன கம்பி? சொல்கிறேன்.

சப்பாத்தில் 39 வகை வேலைகள் கூடாது. அதில் ஒன்று, வீட்டுக்குள்ளிருந்து பொது இடத்துக்கு ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு போவது. சாவி, கைக்குட்டை, குழந்தை வண்டி, எதுவும் ஆகாது. அப்படியானால் கைக்குழந்தைக்காரி எப்படி வெளியே வருவாள்? பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கம்பங்கள் நட்டு, ஒரு பேட்டையைச் சுற்றி மெல்லிசாக ஒரு கம்பியை ஓட்டிவிட்டால், சாஸ்திரப்படி அந்தப் பேட்டை முழுக்க ஒரே வீடு! வீட்டுக்குள் எதையும் தூக்கலாமே. இதற்குப் பெயர் எருவ். வாரா வாரம் ஒருவர் சுற்றி வந்து கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். (நிஜ வில்லியம்ஸ்பர்க்கில் இந்தக் கம்பி செல்லுமா செல்லாதா என்று சாட்மார்காரர்களுக்குள்ளேயே தகராறு உண்டு. தொடர் அதைக் கண்டுகொள்ளவில்லை.)

சிரிக்காதீர்கள். காமர்ஸ் படித்தவனுக்கு இது உடனே புரிந்துவிடும். வரி ஏய்ப்பு வேறு, டாக்ஸ் பிளானிங் வேறு. சட்டத்தை மீறினால் குற்றம். சட்டத்திலேயே ஒரு சந்து இருந்து, அதன் வழியாகப் போனால் கெட்டிக்காரத்தனம். அவர்கள் நம்பிக்கைப்படி அந்தச் சந்தை வைத்தவரும் கடவுள்தான்.

இந்தக் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது தெரியுமா? சப்பாத்தில் லிப்ட் பட்டனை அழுத்தக் கூடாது. ஆகவே எல்லா மாடியிலும் தானே நின்று நின்று போகிற சப்பாத் லிப்ட். அடுப்பு மூட்டக் கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமையே போட்டுவிட்ட சூட்டுத் தட்டு. ஃப்ரிட்ஜைத் திறந்தால் பல்ப் எரியுமே? முந்தின நாளே பல்பைக் கழற்றி வைத்துவிடுவார்கள். இஸ்ரேலில் ட்சோமெட் என்று ஒரு நிறுவனம், மின்சாரத்தையும் வேதத்தையும் சண்டை போடாமல் சேர்த்து வைக்கிற கருவிகளை வடிவமைப்பதையே வேலையாக வைத்திருக்கிறது. மொபைல் வந்தபோது கோஷர் போன் வந்தது. இன்டர்நெட் கிடையாது, கேமரா கிடையாது. நம்பரைப் பார்த்தாலே கோஷர் போன் என்று தெரிந்துவிடும். பெற்றோரிடம் அந்த போன் இல்லையென்றால் பிள்ளைக்கு ஸ்கூல் சீட் கிடைப்பதே சிரமம் என்கிற பள்ளிகள் உண்டு.

அந்தக் கடைசி வரியில் கொஞ்சம் நில்லுங்கள். லிப்ட், ஃப்ரிட்ஜ், அடுப்பு விஷயமெல்லாம் மனுஷனுக்கும் கடவுளுக்கும் நடுவில். ஸ்கூல் சீட், வரன், பக்கத்து வீட்டுக்காரி கண்... இதில் கடவுள் எங்கே வந்தார்? நவீன வாழ்க்கையோடு மதம் மோதுகிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோம். மெஷினோடு மதம் அழகாக ராஜியாகிவிடுகிறது. ஒரு மனுஷி ‘எனக்கு வேறு மாதிரி வாழணும்’ என்று சொல்கிற இடத்தில்தான் பிரேக் போடுகிறது. அவளுக்காக ஒரு கம்பியை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்ட யாரும் முன்வருவதில்லை.

‘அன்ஆர்த்தடாக்ஸ்’ இதைத் தொட்டுவிட்டு, தொட்ட இடத்திலிருந்து நழுவிவிடுகிறது என்பதுதான் என் புகார். பெர்லினில் எஸ்டி இறங்கியதும் காபிக் கடை, அழகான நண்பர்கள், ஏரிக் குளியல், இசைக் கல்லூரி. கையில் காசில்லை, படிப்பில்லை. ஆனால் கதவெல்லாம் தானாகத் திறக்கின்றன, சப்பாத் லிப்ட் மாதிரி! இந்தத் தொடருக்கு அடிப்படை டெபோரா ஃபெல்ட்மன் 2012-ல் எழுதிய சுயசரிதை. அவர் நிஜமாகவே அந்தச் சமூகத்திலிருந்து வெளியேறியவர். ஆனால் பெர்லின் பகுதி முழுக்கத் தொடர்காரர்களின் கற்பனை. அது தெரியாமல் பார்த்தாலே தெரிகிறது. வில்லியம்ஸ்பர்க் காட்சிகளில் தட்டு, கரண்டி, தொப்பி வரை உயிர் இருக்கிறது. பெர்லின் காட்சிகள் டூரிஸ்ட் விளம்பரம்.

ஒரே விதிவிலக்கு, அந்த ஏரி. வான்ஸீ. ஏரிக்கு எதிர்க்கரையில் தெரிகிற மாளிகையில்தான் 1942-ல் நாஜிகள் கூடி யூதர்களை ஒழிக்கத் திட்டம் பேசினார்கள். அதைக் கேட்டுவிட்டு எஸ்டி போட்டிருந்த உடுப்போடு தண்ணீரில் இறங்குகிறாள். விக்கைக் கழற்றி மிதக்கவிடுகிறாள். ஒரு வசனமில்லை. ஷிரா ஹாஸ் என்ற அந்தச் சின்ன உருவப் பெண்ணின் முகத்தில் எண்பது வருஷ சரித்திரம் வந்துபோகிறது. என்னைக் கேட்டால், மொத்தத் தொடரையும் இந்தக் காட்சிக்காக மன்னித்துவிடலாம்.

இதே ஷிரா ஹாஸ் நடித்த இன்னொரு தொடர் ‘ஷ்டிசெல்’. இஸ்ரேலில் 2013-ல் தொடங்கியது. ஜெருசலேமில் ஒரு ஆசாரக் குடும்பம். யாரும் ஓடிப்போவதில்லை. யாரும் புரட்சி பேசுவதில்லை. மகனுக்குப் படம் வரையப் பிடிக்கிறது, அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. முதியோர் இல்லத்தில் பாட்டி வாழ்க்கையில் முதல் முறையாக டி.வி. பார்த்து அதில் விழுந்துகிடக்கிறாள், மகன் பதறுகிறான். பேத்தி ‘அன்னா கரேனினா’ நாவலைத் தம்பிகளுக்குப் படித்துக் காட்டுகிறாள். நாயகி யூதப் பெண் மாதிரி இருக்கட்டும் என்று பெயரை ஹன்னா கரேனினா என்று மாற்றிவிடுகிறாள்! டால்ஸ்டாய்க்கே ஒரு எருவ் கம்பி.

எழுதியவர்களில் ஒருவரான யெஹொனாதன் இந்துர்ஸ்கி அந்த உலகத்திலேயே வளர்ந்தவர். அதனால்தான் கேலியில் பகை இல்லை. ஆனால் இதிலும் ஒரு ஏமாற்று உண்டு. எல்லோரும் நல்லவர்கள், எல்லாத் தகராறும் ஒரு கிண்ணம் சூப்பில் தீர்ந்துவிடுகிறது. வெளியே போகிறவருக்கு என்ன பில் வரும் என்பதை ‘ஷ்டிசெல்’ காட்டவே காட்டாது.

பில் தெரிய வேண்டுமென்றால் 2017-ல் வந்த ‘ஒன் ஆஃப் அஸ்’ ஆவணப்படத்தைப் பாருங்கள். புரூக்ளினில் இதே மாதிரி சமூகத்திலிருந்து வெளியேறிய மூன்று பேர். அதில் ஒரு பெண் ஏழு குழந்தைகளுக்குத் தாய். அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி வந்தவள். கோர்ட்டுக்குப் போகிறாள். அமெரிக்கக் கோர்ட், ரப்பி கோர்ட் அல்ல. குழந்தைகள் வளர்ந்த மதச்சூழல் மாறக் கூடாது என்ற வாதம் அங்கே எடுபடுகிறது. ஏழு பேரும் கையை விட்டுப் போகிறார்கள். பெர்லின் இல்லை, ஏரி இல்லை, பியானோ இல்லை. நல்ல வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. மூன்றில் ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால், இதைப் பாருங்கள் என்பேன். ‘ஷ்டிசெல்’தான் எனக்குப் பிடித்தது என்றாலும்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணமான பிறகு எஸ்டியின் தலையை மழிக்கிற காட்சி. சாட்மார் வழக்கம் அது. விக் வைத்தால் போதாது, உள்ளே முடியே இருக்கக் கூடாது. மெஷின் ஓட ஓட, அந்தப் பெண் சிரிக்க முயற்சி பண்ணி அழுகிறாள். ஷிரா ஹாஸுக்கு நிஜமாகவே மொட்டை அடித்து எடுத்த காட்சி. அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“உனக்கும்தானே அடிச்சாங்க, சிரிச்சுக்கிட்டே வந்தியே?” என்றேன். விமர்சகன் புத்தி.

“நான் வேண்டிக்கிட்டேன்டா. இந்தப் பொண்ணை யார் கேட்டா?”

கொஞ்ச நேரம் கழித்து, “வேண்டிக்காம இருந்திருந்தாலும் நீ பாஸ் பண்ணியிருப்பேன்னு வை” என்றாள். எனக்கு அதில் இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

கடைசி எபிசோட். கணவன் யாங்கி கெட்டவன் இல்லை. அசடு. பெர்லினில் மோய்ஷேயின் ஸ்மார்ட்போனிடம், எஸ்டி எங்கே இருக்கிறாள் என்று கேட்கிற அளவுக்கு அசடு. அவளைத் திரும்பக் கூப்பிடுகிறான். அவள் மாட்டேன் என்கிறாள். சட்டென்று கத்தரியை எடுத்து, காதோரம் தொங்குகிற சுருள்முடியை, குழந்தையிலிருந்து வளர்த்த அடையாளத்தை, வெட்டிப் போட்டுவிட்டு அழுகிறான். பார், நானும் மாறிவிட்டேன் என்கிற மாதிரி. காலம் கடந்துவிட்டது. அவள் போய்விடுகிறாள். கேமராவும் அவளோடு காபிக் கடைக்குப் போய்விடுகிறது.

டைட்டில் கார்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை.

“அந்தப் பையன் அரைத் தலையோட எப்படிடா ஊருக்குத் திரும்பிப் போவான்? சேர்த்துப்பாங்களா?”

தொடரில் அது இல்லை.