கீறல் விழுந்த ரெக்கார்டு

சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்கிற ஆசாமியைக் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று திட்டுவது நம் வழக்கம். நானும் பலரைத் திட்டியிருக்கிறேன். வீட்டில் என்னையும் திட்டியிருக்கிறார்கள். அந்தத் திட்டை வாபஸ் வாங்கிக்கொள்ளலாமா என்று என்னை யோசிக்க வைத்தது ஜகார்த்தாவில் ஒரு தெருவோரக் கடை.

மென்தெங் பகுதியில் ஜலான் சுராபாயா என்று ஒரு தெரு. வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள். கப்பல் விளக்கு, பித்தளை மணி, மரப் பொம்மை, டயல் சுற்றுகிற டெலிபோன் என்று பழசு எல்லாம் கிடைக்கும். நடுநடுவே இசைத்தட்டுகள். இந்தோனேசிய மொழியில் இசைத்தட்டுக்குப் 'பிரிங்கான் ஹிதாம்' என்று பெயர். கறுப்புத் தட்டு, அவ்வளவுதான். பெயர் வைப்பதில் அவர்களுக்கு வளைத்துப் பேசுகிற பழக்கமில்லை.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடி பீரோவுக்குள் பிளாஸ்டிக் உறை போட்ட பத்துப் பன்னிரண்டு தட்டுகளை நகைக்கடை மாதிரி அடுக்கியிருந்தார். "செவன்டீஸ் ராக். வெளிநாட்டுக்காரங்க தேடி வந்து வாங்குவாங்க" என்றார் அரைகுறை ஆங்கிலத்தில். விலையைக் கேட்டேன். கேட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

தரையில் ஓர் அட்டைப்பெட்டி. அதில் முக்காடு போட்ட பாடகிகள் சிரிக்கும் உறைகள், மசூதிப் படம் போட்ட கேசட்டுகள்.

"இதெல்லாம்?"

"கசீதா. நோன்பு மாசத்துல எல்லார் வீட்லயும் ஓடினது. எது வேணுமோ எடுத்துக்குங்க பாக்."

கொஞ்சம் வயதான ஆணை அங்கே மரியாதையாகப் 'பாக்' என்பார்கள். மரியாதைக்குப் பதில் மரியாதையாக நானும் ஒரு தட்டும் நாலு கேசட்டும் எடுத்தேன். ஒரு லட்சம் என்றார். பதறாதீர்கள், ரூபியா. நம் பணத்தில் ஐந்நூற்றுச் சொச்சம்.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷத்தில் வாத்தியார் ஒரு கேள்வி கேட்பார். தண்ணீர் இல்லாமல் உயிர் வாழ முடியாது, ஆனால் மலிவு. வைரத்தைக் கடித்துத் தின்ன முடியாது, ஆனால் விலை எட்டாது. ஏன்? தட்டுப்பாடு என்று எழுதினால் முழு மார்க். பழைய ரெக்கார்டு சந்தையும் இந்த ஒரு விடையில்தான் ஓடுகிறது. என்னுடைய சண்டை அந்த விடையோடுதான். ஏன் தட்டுப்பாடு என்ற அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லையே!

பீரோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2011-ல் 'நவ் அகெய்ன்' என்ற அமெரிக்கக் கம்பெனி, 1970-களின் இந்தோனேசிய ராக் பாட்டுகளைத் தொகுத்து 'தோஸ் ஷாக்கிங் ஷேக்கிங் டேஸ்' என்று வெளியிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அபாரமான தொகுப்பு. சுராபாயாவின் 'ஆகா' குழுவும் பாண்டுங்கின் 'ஷார்க் மூவ்' குழுவும் கிடாரைப் போட்டு உலுக்கும்போது ஸ்பீக்கரே ஓர் அடி நகர்ந்து உட்காரும். இதைத் தேடி எடுத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

வம்பு அதற்கப்புறம்தான். இப்படித் தொகுப்புகள் வந்ததும், வெளியே இருப்பவர்களுக்கு அந்தக் கால இந்தோனேசியா என்றாலே அலறும் கிடார் என்று ஆகிவிட்டது. லண்டன், கலிபோர்னியா வாடை எவ்வளவு தூக்கலாக அடிக்கிறதோ அவ்வளவு விலை. அரபி வாடை அடித்தால் அட்டைப்பெட்டி. இசையைக் கேட்டுப் போட்ட விலையா இது? கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துப் போட்ட விலை.

ஒரே வீட்டுக் கதை சொல்கிறேன். சுராபாயாவில் ஷேக் அல்பார் என்று ஒரு பாடகர். ஹத்ரமவ்த் அரபிகளோடு ஜாவாவுக்கு வந்த வீணை மாதிரியான நரம்பு வாத்தியம் கம்பூஸ். அதை மீட்டிப் பாடி 1930-களிலேயே இசைத்தட்டு கொடுத்தவர். அவருடைய மகன் அஹ்மத் அல்பார், 1973-ல் தொடங்கிய 'காட் பிளெஸ்' ராக் குழுவின் பாடகர். மகன் பீரோவில், அப்பா பெட்டியில். அந்த மகனே 1979-ல் 'ஸக்கியா' என்று ஒரு டாங்டூட் பாட்டுப் பாடி ஊரையே ஆட வைத்தார். வீட்டுக்குள் சுவர் இல்லை. சுவர் எழுப்பியது கலெக்டர்கள்தான் (மாவட்ட ஆட்சியர் இல்லை, ரெக்கார்டு சேகரிப்பவர்கள்).

கோயஸ் பிளஸ் குழுவைப் பாருங்கள். அந்நாட்டின் பீட்டில்ஸ் என்று சொல்லப்பட்டவர்கள். 1974 ஒரே வருஷத்தில் கசீதாவும் பாடி வெளியிட்டார்கள், கிறிஸ்துமஸ் பாட்டும் பாடி வெளியிட்டார்கள். வாங்கினவர்களுக்கு அதில் குழப்பம் ஒன்றுமில்லை. இன்றைக்கு அடுக்கி வைக்கிறவர்களுக்குத்தான் எந்த அலமாரி என்று குழப்பம்.

சரி, தட்டுப்பாட்டுக்கு வருவோம். எனக்குத் தெரிந்து ஒரு ரெக்கார்டு மூன்று விதமாக அரிதாகும்.

முதல் விதம், சிறிய அளவில் வந்து ஊருக்குத் தெரியாமலே மறைந்தது. ஷார்க் மூவ் 1973-ல் சொந்த முயற்சியில் வெளியிட்ட ஆல்பம் இந்த வகை. நல்ல இசைதான், கேட்க ஆள் போதவில்லை. இதற்குத்தான் சந்தையில் உச்ச விலை.

இரண்டாவது விதம், பயம். கோயஸ் பிளஸ்ஸுக்கு முந்தைய வடிவம் கோயஸ் பெர்சௌதாரா. அண்ணன் தம்பிகளின் குழு. பீட்டில்ஸ் பாணியில் வாசித்த குற்றத்துக்காக 1965 ஜூன் 29-ம் தேதி பிடித்துக்கொண்டு போய் குளோடோக் சிறையில் மூன்று மாதம் வைத்தார்கள். மேற்கத்திய ராக்கை 'ஙக்-ஙிக்-ஙொக்' என்று கேலி செய்தவர் அதிபர் சுகர்ணோ. செப்டம்பர் 29-ல் வெளியே விட்டார்கள். மறுநாள் ராத்திரி ஜெனரல்கள் கடத்தப்பட்டு, நாட்டின் தலையெழுத்தே மாறியது.

அந்த மாற்றம் இன்னொரு பாட்டை விழுங்கியது. 'கென்ஜெர் கென்ஜெர்'. கென்ஜெர் என்பது நீரோரம் முளைக்கும் ஒரு கீரை. ஜப்பான்காரன் ஆண்ட பஞ்ச காலத்தில் ஏழைகள் பறித்துத் தின்ற கீரை. அதைப் பற்றி பன்யுவாங்கி ஊர் முகமது ஆரிஃப் எழுதிய பாட்டை, 1960-களில் பிங் ஸ்லாமெத்தும் லிலிஸ் சுர்யானியும் இசைத்தட்டில் பாடினார்கள். கம்யூனிஸ்டுகள் அதைத் தங்கள் கூட்டங்களில் பாடினார்கள் என்பதற்காக, 1965-க்குப் பிறகு அது கொலைகாரப் பாட்டு என்று முத்திரை குத்தப்பட்டது. சுஹார்தோ போகும் வரை, அதாவது 1998 வரை, வெளிப்படையாகப் பாட முடியாது. எழுதிய ஆரிஃப் காணாமல் போனார், திரும்பி வரவில்லை. இந்தத் தட்டு இன்று கிடைத்தால் விலை அதிகம். ஆனால் அந்த விலைச் சீட்டில் 'அரிது' என்று மட்டும் எழுதினால், கணக்கில் பாதியை மறைத்த மாதிரி. எங்கள் ஆடிட்டர் பாஷையில் அதற்கு வேறு பெயர்.

மூன்றாவது விதம், தேய்ந்து போனது. இந்த விதத்துக்குத்தான் சந்தையில் நாதியில்லை.

ரோமா இராமாவை எடுத்துக்கொள்ளுங்கள். டாங்டூட்டின் ராஜா. 'டாங்', 'டூட்' இரண்டுமே தபலா மாதிரியான கெண்டாங் மத்தளத்தின் சத்தம். கேலிக்கு வைத்த பெயர், அதையே கிரீடமாகச் சூட்டிக்கொண்டார்கள். ஹிந்தி சினிமா மெட்டு, மலாய் வாத்தியக் குழு, டீப் பர்ப்பிள் கிடார் மூன்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டினார் மனிதர். 1973-ல் தன் 'சொனெத்தா' குழுவை 'முஸ்லிம்களின் குரல்' என்று அறிவித்தார். 1977 தேர்தலில் ஆளுங்கட்சிக்கு எதிராக இஸ்லாமியக் கட்சிக்குப் பிரசாரம் செய்தார். அரசு டி.வி. பதினோரு வருஷம் அவர் முகத்தைக் காட்டவில்லை. என்ன ஆச்சு? கேசட்டில் ஓடினார். டீக்கடை, பஸ், கல்யாண வீடு என்று ஓடினார். அந்தக் கேசட்டுகளைப் பத்திரப்படுத்த யாருக்குத் தோன்றும்? போட்டுப் போட்டு டேப் இழுத்துக்கொண்டதும், தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கினார்கள்.

அடுத்தது நசிதா ரியா. 1975-ல் செமாராங் ஊரில், குர்ஆன் ஓதக் கற்ற ஒன்பது பெண்களைச் சேர்த்து ஆரம்பித்த குழு. முதலில் தப்ஸ் மாதிரியான ரெபானா மட்டும். அப்புறம் வயலின், பாஸ் கிடார், கீபோர்டு. கடையில் எடுத்த நாலில் ஒன்று இவர்களுடையது. சும்மா போட்டேன், கட்டிப்போட்டுவிட்டார்கள். ஒன்பது பேரும் ஒரே குரலாகப் பாடுகிறார்கள். குழைவு, நடுக்கம், சங்கதி எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற நேர்மை. கீழே பாஸ் கிடார் மட்டும் திருட்டுத்தனமாக ஆடிக்கொண்டிருக்கிறது. பக்திப் பாட்டு என்றால் சொர்க்கம், நரகம்தானே? இவர்கள் அணுகுண்டு பற்றிப் பாடினார்கள். 1980-களில் 'தாஹுன் 2000' என்று ஒரு பாட்டு. 2000-ம் வருஷத்தில் எல்லா வேலையையும் மிஷின் செய்யும், மனிதனுக்கு வேலை இருக்காது என்று கவலைப்படுகிறது. இன்றைக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டலாம், சிரிக்க மாட்டார்கள்.

2022-ல் ஜெர்மனியின் காஸல் நகரில் நடந்த 'டாக்குமென்டா' கலை விழாவில் நசிதா ரியா மேடையேறினார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது. அதுவரை அவர்களுடைய கேசட்டுகள் எங்கே இருந்தன? என்னைக் கேட்டால், அட்டைப்பெட்டியில்.

பெட்டியில் இருந்ததெல்லாம் அமுதம் என்று சொல்லமாட்டேன். என் நாலு கேசட்டில் ஒன்று, மலிவு சிந்தசைசரை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உபதேசம் செய்தது. மற்றொன்றில் டேப் முழுக்கப் பூஞ்சை. ஈரக் காற்று அடிக்கும் தேசம், காந்த நாடா எத்தனை வருஷம் தாங்கும்? 1970-களில் கேசட் வந்து இசைத்தட்டை ஓரங்கட்டிவிட்டதால், அதற்குப் பிறகு வந்த கசீதா பெரும்பாலும் கேசட்டில் மட்டுமே இருக்கிறது. நல்லது எது, குப்பை எது என்று கேட்டுச் சொல்வதற்குள் இரண்டுமே அழிந்துவிடும். வைரத்தை ஆளாளுக்குப் பூட்டி வைக்கிறோம், கிணறு வற்றிக்கொண்டிருக்கிறது.

ரெக்கார்டைப் பொதுச் சொத்தாக வைத்தால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 1956-ல் சோலோ நகரில் 'லோகானந்தா' என்ற அரசு இசைத்தட்டு ஆலையைத் தொடங்கினார்கள். வாசிப்பவர் இல்லாமலே தானாக ஒலிக்கும் தேவலோகத்து கமெலான் வாத்தியத்தின் பெயர் அது. 1962-ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது, விருந்தாளிகளுக்கு நினைவுப் பரிசாக ஒரு தட்டு தயாரித்தார்கள். அதில் 'ராசா சாயாங்கே' பாட்டும் உண்டு. 2007-ல் மலேசியச் சுற்றுலா விளம்பரத்தில் அதே பாட்டு வந்ததும் இந்தோனேசியா கொதித்தது. யார் பாட்டு என்று சண்டை. அப்போது சாட்சியாகத் தூக்கிக் காட்டியது இந்த 1962 தட்டைத்தான். பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதை ஒரு தட்டு தீர்த்துவிடாது, அது வேறு விஷயம். ஆனால் ஓர் இனாம் தட்டு, நாற்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு நாட்டின் கைப்பிடியானது.

2013-லிருந்து 'இராமா நுசந்தாரா' என்ற அமைப்பு பழைய தட்டுகளையும் கேசட்டுகளையும் தேடிப்பிடித்து, உறையோடு சேர்த்துக் கணிப்பொறியில் ஏற்றி, இணையத்தில் கேட்க வைத்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சேகரிப்பவர்கள் பூட்டைத் திறக்க வேண்டும்.

ஊருக்கு உபதேசம் போதும், என் கதையைச் சொல்கிறேன். என் அலமாரியில் மேல் தட்டில், கீறலே விழாத ஓர் இந்தோனேசிய எல்.பி. இருக்கிறது. உறை புத்தம் புதுசு. வாங்கிய நாளிலிருந்து ஒரே ஒரு தடவைதான் போட்டேன், அதுவும் விலைக்குத் தகுந்த சரக்கா என்று சோதிக்க. ஒரு நண்பர் காப்பி எடுக்கக் கேட்டபோது, 'பார்க்கலாம்' என்று சொன்னேன். அந்தப் 'பார்க்கலாம்' எனக்கே கேவலமாக இருக்கிறது. அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.

ஜலான் சுராபாயாவில் வாங்கின தட்டு, 1960-களில் பெயர் பெற்ற கசீதா பாடகி ரோஃபிகோ தார்தோ வஹாப் பாடியது. முகம் பார்க்கிற பளபளப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது. துடைத்து ஓட விட்டேன். முதல் இரண்டு பாட்டும் ஒழுங்காக ஓடின. மூன்றாவது பாட்டு ஆரம்பிக்கிற இடத்தில் மட்டும் கொத்துக் கொத்தாகக் கீறல். வேறெங்கும் அவ்வளவு இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. யாரோ ஒருவர், அந்த ஒரு பாட்டுக்காக, ஊசியைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்திருக்கிறார். எத்தனை நோன்பு மாசமோ!

பாட்டு முடிந்ததும் நானும் ஊசியைத் தூக்கி அங்கேயே வைத்தேன்.

"கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி அதையே எத்தனை தடவை போடுவீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.