சிலோன் மனோகரைச் சேகரிப்பவர்கள்

ஏ. ஈ. மனோகரன் 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையில் காலமானார். தமிழ்நாட்டில் அவர் சிலோன் மனோகர், சினிமாவில் வில்லனாக வந்தவர். இலங்கையில் நமக்கு அவர் பொப் பாடகர். பைலாத் தாளத்தில் சிங்களச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் கூசாமல் கலந்து, மேடை முழுக்க ஆடிக்கொண்டே பாடியவர். சங்கீதம் கற்றவர்கள் முகம் சுளித்தார்கள். பொடியன்மார் மனப்பாடம் செய்தார்கள்.

இன்று அவருடைய பழைய இசைத்தட்டுகளையும் கெசட்டுகளையும் தேடித் திரிகிறவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள், கடல் கடந்தும் இருக்கிறார்கள், எங்கள் கல்முனைப் பக்கத்திலும் இருக்கிறார்கள். இன்னொரு பொப் பாடகரான நித்தி கனகரத்தினத்தின் பாடல்களுக்கும் இதே தேடல் உண்டு. இந்தத் தேடலைப் பெரிதும் மதிக்கிறேன். அது போகும் போக்கில் எனக்குக் கடுமையான ஆட்சேபமும் உண்டு.

மதிப்புக்குக் காரணம் இலகுவானது. நகைச்சுவை நடிகர் சந்திரபாபுவைப் பாருங்கள். தூத்துக்குடியில் பிறந்து, சிறுவயதில் கொழும்பில் வளர்ந்து, குரலை உடைத்து உருட்டும் யோட்லிங் பாணியைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர். அவரும் விசித்திரமான பாடகர்தான். ஆனால் அவர் பாடியவை சினிமாப் பாடல்கள். 1957இல் வந்த ‘புதையல்’ படத்தில் அவர் பாடியதை இன்றைக்கும் யாரும் தெளிவாகக் கேட்கலாம், ஏனென்றால் படம் காப்பாற்றியது, பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் களஞ்சியம் காப்பாற்றியது. இலங்கைப் பொப் பாட்டுக்கு அப்படி ஒரு காவல் அமையவில்லை. இலங்கை வானொலி ஊரெங்கும் கொண்டுசேர்த்தது, மேடைகள் வளர்த்தன. அச்சடித்தவை சிறிய நிறுவனங்கள், அச்சடித்த பிரதிகளும் கொஞ்சம். அந்தப் பாட்டில் பாதியாவது இன்று கேட்கக் கிடைக்கிறதென்றால், வீட்டு அலுமாரியில் பத்திரப்படுத்திய தனிமனிதர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சேகரிப்பாளர்களின் காது நுட்பமானது. மேடைப் பாடகன் ஒரு பாட்டை ஒரே மாதிரி இரண்டு தடவை பாடமாட்டான். கூட்டம் கைதட்டினால் ஓரடியை நாலு தரம் இழுப்பான், ஊர்ப்பெயரைச் செருகுவான். இசைத்தட்டில் மூன்று நிமிடத்துக்குள் அடங்கிய பாட்டு, மேடைப் பதிவில் அவிழ்ந்து ஓடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் இந்தக் கலை எங்கே உயிர்வாழ்ந்தது என்று புரிகிறது. இந்த ஒப்பீட்டைச் செய்தவர்கள் சேகரிப்பாளர்களே. ஆய்வாளர்கள் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை.

பிறகு ஏன் ஆட்சேபம்? அருமை என்ற ஒன்றே இவர்களிடம் அளவுகோலாகிவிட்டது. முதல் அச்சா, உறை கிழியாமல் இருக்கிறதா, வேறு எவரிடமும் இல்லையா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்ததும் பாட்டு பின்னால் போய்விடுகிறது. தன்னிடம் மட்டும் இருக்கும் தட்டைப் பிரதி எடுக்கக் கொடுத்தால் அதன் மதிப்புக் குறையும் என்று பூட்டி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தெருவில் எல்லோரும் பாடவென்று பிறந்த பாட்டை ஒருவர் மட்டும் வைத்திருப்பது அந்தப் பாட்டுக்கே செய்கிற அநியாயம்.

மறுவெளியீடுகளின் நிலை இன்னும் மோசம். பழைய குரலுக்கு அடியில் புதிய மின்தாளம் சேர்த்து, கிற்றாரை அமுக்கி, ‘டிஜிட்டல்’ என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். தேய்ந்த கெசட்டைச் சற்று வேகமாக ஓட்டிப் பிரதி எடுத்ததால் குரல் மெலிந்து கீச்சிடும் தொகுப்புகளும் உண்டு. பாடலை எழுதியவர் யார், வாசித்தவர்கள் யார், எந்த ஆண்டு என்ற விபரம் பலவற்றில் கிடையாது. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’க்கு நேர்ந்ததே போதும். அந்தப் பாட்டு ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்திலும் 1977இல் இளையராஜா இசையில் வந்தது. படப்பாட்டு எது, மனோகரன் பாடியது எது என்று பிரித்தறியாமல் கேட்கிறவர்கள் இன்று ஏராளம். மறுவெளியீடு செய்தவர் உறையில் இரண்டு வரி எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது. ஆனாலும் மறுவெளியீடே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆயிரம் பேர் கேட்கும் சுமாரான பிரதி, ஒருவர் பூட்டிவைத்த நல்ல தட்டைவிடப் பயனுள்ளது.

சேகரிப்பாளர்கள் குப்பை என்று ஒதுக்குவது ரெக்கோடிங் பார் என்ற பதிவுக் கடைகளில் பதிந்த கெசட்டுகளை. எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். 1977க்குப் பிறகு நாட்டின் பொருளாதாரம் திறந்தது. இந்தக் கிழக்குக் கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் ரேடியோ-கெசட் பெட்டியோடு திரும்பினார்கள். பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் பதிந்து தருவார். அறுபது நிமிடக் கெசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். மீதி நாடாவை வீணாக்காமல் கையில் அகப்பட்டதைப் போட்டு நிரப்புவார். அப்படி ஒரு கெசட் என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் நாகூர் ஹனிபாவின் இஸ்லாமியப் பாட்டு, மறுபக்கம் பொப் பாட்டு. பின்னொரு காலத்தில், பாட்டு வேண்டாம் என்று வீட்டார் எண்ணியபோது, பதிவு அழியாமலிருக்க உடைத்திருந்த காதுப் பள்ளத்தில் டேப் ஒட்டி, பொப் பாட்டுக்கு மேலேயே ஒரு பயானை, அதாவது மார்க்கச் சொற்பொழிவைப் பதிந்திருக்கிறார்கள். பயான் முடிந்து, நாடா தீரப்போகும் நேரத்தில் பைலாத் தாளம் சில விநாடிகள் கேட்கிறது.

சந்தையில் இதற்கு ஒரு சதமும் கிடைக்காது. ஆனால் ஒரு முஸ்லிம் ஊர் எதைக் கேட்டது, எப்போது எதை விட்டது, இரண்டையும் எப்படி ஒரே நாடாவில் வைத்திருந்தது என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி எந்த முதல் அச்சிலும் இல்லை. பாட்டைப் போலவே அந்தப் பயானும் காக்கப்பட வேண்டியது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் நம் கிராமத்து முஸ்லிம்களின் கவிகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றினார். வயலிலும் வீட்டிலும் சாதாரண சனங்கள் பாடியதை அவர் மதித்தார். ஒலிப்பதிவு சேகரிக்கிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அந்த மதிப்பையே.

ஒரே பிரதி ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று இந்தக் கரைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கடலோர வீடுகள் சுனாமி அலையில் போயின. உயிர்களுக்கு முன்னால் கெசட்டைப் பற்றிப் பேசக்கூட அன்று யாருக்கும் மனம் வரவில்லை, அது சரிதான். கடல் பொங்காத நாளிலும் உப்புக்காற்று வேலை செய்கிறது: நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னத் தகடு துருப்பிடிக்கும், அதில் ஒட்டிய பஞ்சு கழன்று விழும், நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பழைய அலுமாரியில் கெசட் பெட்டி கண்டால் எறியாதீர்கள். உடனே ஓட்டியும் பார்க்காதீர்கள், பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டி அடுத்த கெசட்டுக்கும் தொற்றும். கூடு திருகாணி போட்டதென்றால் கழற்றி நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றலாம். அதற்கு முன், வாப்பாவோ பெரியம்மாவோ இருக்கும்போதே கேட்டு, யாருடையது, எந்தக் கடையில் பதிந்தது, எந்தக் காலம் என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். பிரதி எடுத்து ஒன்றை ‘நூலகம்’ நிறுவனத்தின் ஆவணகத்துக்குக் கொடுங்கள், ஒன்றை அயலூர் நண்பரிடம் கொடுங்கள். அரிய தட்டு வைத்திருக்கும் நானாமாரிடமும் இதையே கேட்கிறேன்: தட்டு உங்களிடமே இருக்கட்டும், பாட்டை எங்களுக்குத் தாருங்கள்.