சபையும் சுவரும்

கிறித்தவர் கூடி வழிபடும் இடத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. கோயில் என்பர், ஆலயம் என்பர், தேவாலயம் என்பர், நாட்டுப்புறத்தார் மாதா கோயில் என்பர். இவையனைத்தும் கட்டடத்தையே முதலில் நினைவூட்டுவன. சபை, திருச்சபை என்னும் சொற்களோ கூடியிருக்கும் மக்களைச் சுட்டுவன. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் 'எக்ளேசியா' என்னும் சொல்லும் அழைப்பை ஏற்றுக் கூடிய மக்களவையையே குறிக்கும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொல் மிகப் பொருத்தமானது எனலாம். எனினும் தமிழ்க் கிறித்தவ வரலாற்றையும் இலக்கியத்தையும் ஒருசேர நோக்குவார்க்கு, ஏட்டில் சபை வென்றதும் வாழ்வில் கோயில் வென்றதும் புலனாகும். இது வெறும் சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடுவதன்று. சபை எதற்காக என்னும் வினாவே இதனுள் அடங்கியுள்ளது.

நற்செய்தி நூல்கள் நான்கனுள் இயேசுவின் வாய்மொழியாக இச்சொல் வருவது மத்தேயுவில் மட்டுமே. அங்கும் இரண்டே இடங்களில். இறையாட்சி பற்றி அவர் பேசிய இடங்களோ மிகப் பல. இதனைச் சுட்டி, சபை பற்றிய கூற்றுகள் பிற்காலச் சமூகத்தின் ஆக்கமாகலாம் என வாதிடும் விவிலிய ஆய்வாளரும் உளர். அவ்வாதம் எவ்வாறாயினும், நூல் இன்று நிற்கும் வடிவில் அவ்விரு கூற்றுகளையும் இணைத்துப் படிப்பது திறனாய்வாளர் கடனாகும்.

முதற்கூற்று 16ஆம் அதிகாரத்தில் அமைந்தது. பேதுருவின் விசுவாச அறிக்கையைக் கேட்ட இயேசு, பாறையின்மேல் தம் சபையைக் கட்டப்போவதாக உரைக்கிறார். உரோமைப் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாட உட்புறத்தில் இக்கூற்று இலத்தீன் மொழியில் பேரெழுத்துகளாற் பொறிக்கப்பட்டுள்ளது. 18ஆம் அதிகாரத்தில் வரும் இரண்டாம் கூற்றுக்கு அத்தகைய பெருமை வாய்க்கவில்லை. அது ஒரு பிணக்கைப் பற்றியது. சகோதரன் ஒருவன் தீங்கிழைத்தால் முதலில் தனிமையில் அவனிடம் பேசவேண்டும்; கேளாவிடில் ஓரிருவரை உடன்கொண்டு பேசவேண்டும்; அதற்கும் இணங்காவிடில் சபையிடம் முறையிடவேண்டும். இதற்கு முன்னே காணாமற்போன ஆட்டின் உவமை நிற்கிறது. பின்னே எண்ணிக்கையின்றி மன்னிக்கவேண்டும் என்னும் அறிவுரை நிற்கிறது. சபைக்கும் செவிகொடாதவனைப் புறவினத்தானாகவும் வரிதண்டுவோனாகவும் கருதுக என்று முடிகிறது. வரிதண்டுவோரோடு பந்தியமர்ந்தவரே இதனைச் சொல்கிறார் என்பதை மறத்தலாகாது. எனவே விலக்கப்பட்டவனுக்கும் கதவு முற்றாக அடைபடவில்லை.

பாறை பற்றிய கூற்று சபை எதன்மேல் நிற்கிறது என்பதைச் சொல்கிறது. பிணக்கு பற்றிய கூற்று சபை என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்கிறது. நொந்தவன் வந்து முறையிடுதற்குரிய இடம் அது. முறையிட்டவனுக்கும் முறையிடப்பட்டவனுக்கும் உறவை மீட்டுத் தருதற்குரிய இடம் அது. இரண்டு மூவர் கூடினும் தாம் அவர் நடுவே இருப்பதாக அவர் அடுத்து உரைப்பதால், பெருந்திரளும் பெருங்கட்டடமும் அதற்கு இன்றியமையாதன அல்ல என்பதும் பெறப்படும். தலைமை என்பது பணிவிடையே என்று மாற்கு நூலும், சீடரின் கால்களைக் கழுவிய ஆசானை யோவான் நூலும் காட்டுவதை இதனோடு சேர்த்து எண்ணினால், அவர் கருதிய சபையின் உருவம் ஓரளவு தெளிவுபடும்.

இச்சபை தமிழ்ப் பெருங்காப்பியங்களில் எந்த இடத்தைப் பெற்றது? 1726இல் முற்றுப்பெற்ற வீரமாமுனிவரின் தேம்பாவணி 3,615 பாடல்களில் சூசையப்பரைத் தலைவராக்கிப் பாடியது. எச். ஏ. கிருட்டிணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. ஜான் பனியன் வகுத்த நெறியிற் சென்று, தனியோர் ஆன்மாவின் பயணத்தைப் பொருளாகக் கொண்டது. கண்ணதாசன் மறைந்தபின் 1982இல் வெளியான இயேசு காவியம் இயேசுவின் வாழ்வைப் பாடியது. தலைவன் உண்டு, பயணி உண்டு, மீட்பர் உண்டு; ஒருவரோடொருவர் பிணங்கியும் இணங்கியும் வாழும் சபை மட்டும் காப்பியத்தின் நடுவிடத்தைப் பெறவில்லை. தனியொருவனின் உள்ளுருக்கத்தைப் பாடுதலில் பக்தி மரபு தந்த பயிற்சி இதற்கு ஒரு காரணமாகலாம். மற்றொரு காரணம் அத்துணை இனிமையானதன்று. சபையைப் பாடப் புகுந்தால் சாதியைப் பேசவேண்டியிருந்திருக்கும்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சீர்திருத்தச் சபைத் தமிழ்க் கவிஞருள் தலைசிறந்தவர். அவரே 1829இல் சாதியாசாரத்தை ஆதரித்து உரைநடை நூல் ஒன்று எழுதினார். வழிபாட்டில் சாதிப் பிரிவினையை நீக்க முயன்ற புதிய மிஷனரிமாருக்கு அது மறுப்பாக எழுந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1833இல், பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என ஆணையிட்டார். கத்தோலிக்கரிடையே இச்சிக்கல் கல்லாலும் சுண்ணாம்பாலும் உருப்பெற்றது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டி முடிக்கப்பெற்ற திருக்குடும்பக் கோயில், வேளாளர் ஒருபுறமும் நாடார் மறுபுறமும் அமருமாறு இரண்டு நீண்ட கூடங்களாக அமைந்து, பீடத்தருகே இணைந்தது. இரு சாராரும் பீடத்தைக் கண்டனர், ஒருவரையொருவர் கண்டிலர். 1910ஆம் ஆண்டளவில் கௌசானல் அடிகளார் காலத்தில் அத்தடை அகற்றப்பட்டது. அதனை எதிர்த்தோர் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும், பிரிந்து அமரும் உரிமை அவர்க்குக் கிட்டவில்லை. 18ஆம் அதிகாரத்தின் முறைப்படி முறையீடு சபைக்குள் வந்திருக்கவேண்டும். வடக்கன்குளத்திலோ சபையே இரு கூறாகி நின்றமையால் வழக்கு மன்றத்தின் படியேறியது.

கடல் கடந்த தமிழர் நிலையை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர் தொடக்கத்தில் குவீன் சாலையிலுள்ள புனித பேதுரு பவுல் கோயிலில் சீனக் கத்தோலிக்கரோடு வழிபட்டனர். பின்னர், லிட்டில் இந்தியாவுக்கு அண்மையில், ஓஃபிர் சாலையில் அவர்களுக்கென எழுந்த லூர்து அன்னை கோயில் 1888இல் திறக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவின் நடுவிலேயே, கம்போங் காப்போரில், மலாய் பேசிய பெரானாக்கான் சீனருக்காக 1894இல் தொடங்கிய மெதடிஸ்ட் சபையின் தேவாலயம் நிற்கிறது. ஒவ்வோர் இனத்தாரும் தத்தம் மொழியில் தனித்துக் கூடியதும் வடக்கன்குளச் சுவரை ஒத்ததுதானோ என்னும் ஐயம் இங்கு எழுதல் இயல்பு.

ஒத்ததன்று என்பதே விடை. ஆயினும் அவ்விடை நிபந்தனைக்கு உட்பட்டது. வடக்கன்குளத்தில் இரு சாராரும் பேசியது ஒரே தமிழ். அச்சுவர் எவருக்கும் எதனையும் விளக்குவதற்காக எழவில்லை. சிங்கப்பூரின் மொழிச் சபைகளோ கேட்பவனுக்குப் புரியவேண்டும் என்னும் தேவையிற் பிறந்தவை. பெந்தெகொஸ்தே நாளில் கூடியிருந்தோர் தத்தம் மொழியிலேயே செய்தியைக் கேட்டனர் என்று திருத்தூதர் பணி நூல் கூறும். மொழி ஒரு கதவு. திறந்துகொடுக்கும் வரை அது சபைக்குத் துணை. மொழி இனத்தின் அடையாள வேலியாக இறுகும்போது கதவும் சுவராகிவிடும். லூர்து அன்னை கோயில் 1974இல் இன அடிப்படையிலான பங்கு என்னும் நிலை நீங்கி அனைவர்க்கும் உரியதாயிற்று. தமிழ் வழிபாடும் நின்றுவிடவில்லை. சுவரை நீக்குதற்குக் கதவை அடைக்கவேண்டியதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இன்று இந்நகரின் தமிழ்ச் சபைகள் இருவேறு திசைகளில் இழுபடுகின்றன. இங்கேயே பிறந்து வளர்ந்த இளையோர் பலர் ஆங்கில வழிபாட்டை நாடுகின்றனர். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கத் தமிழகத்திலிருந்து வந்தோர், ஞாயிறு தோறும் லிட்டில் இந்தியாவில் திரள்வோருள் ஒரு பகுதியினர், தமிழ் வழிபாட்டுக்கு வருகின்றனர். மொழியைக் காப்பதே தமிழ்ச் சபையின் நோக்கம் எனக் கொண்டால், முன்னவரை இழந்தது தோல்வி. பின்னவர் வரவு எண்ணிக்கைக்கு ஆறுதல். இயேசுவின் இரண்டாம் கூற்றை அளவுகோலாகக் கொண்டாலோ வினா வேறாகிறது. நேற்று வந்த தொழிலாளி, தனக்கு நேர்ந்த குறையை, பல தலைமுறையாக வாழும் குடும்பத்தாரிடம் அஞ்சாது சொல்ல முடிகிறதா? சொன்னால் கேட்பாருண்டா? அவனுக்குத் தெரிந்த மொழி தமிழாயிருப்பதனாலேயே தமிழ்ச் சபை அவனுக்குத் தேவைப்படுகிறது. மொழிக்குக் கிடைக்கும் பெருமையும் அப்பணியிலிருந்தே வருவது.

சிங்கப்பூரின் பல கோயில்கள் நாட்டுச் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன. 2005இல் லூர்து அன்னை கோயிலும் அச்சிறப்பைப் பெற்றது. கட்டடத்தைக் காக்கச் சட்டம் போதும். ஒருவன் குறையை மற்றவன் கேட்கும் கூட்டத்தைக் காக்க எந்தச் சட்டமும் உதவாது. அக்கூட்டத்தைப் பொருளாகக் கொண்ட பெருங்காப்பியம் தமிழில் இனித்தான் எழுதப்படவேண்டும். பல மொழியினர் அடுத்தடுத்த தெருக்களில் வழிபடும் இந்நகரில், அதற்கு வேண்டிய கருப்பொருள் குறைவின்றிக் கிடைக்கும்.