முத்திரைக்கு முந்தைய கையெழுத்து

சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வரும் யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஸ்கேன், இரத்தப் பரிசோதனை முடிவுகளோடு பிறப்புச் சான்றிதழ்களையும் சுமந்து வருகிறது. சிறுநீரகம் கொடுப்பவர் சொந்தத் தம்பிதான் என்று காகிதத்தில் நிரூபித்தாக வேண்டும். இந்தியாவின் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் வந்த 2014 விதிகளின்படி, வெளிநாட்டவரின் உறவுமுறைக்கு அவருடைய நாட்டுத் தூதரகமே படிவம் 21இல் சான்று தர வேண்டும். அங்கீகாரக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். நெருங்கிய உறவினராக இல்லாத இந்தியர் எவரும் உயிரோடிருக்கையில் வெளிநாட்டவருக்கு உறுப்புத் தர முடியாது. உறுப்பு வியாபாரத்தைத் தடுக்க வந்த கடுமை இது. அந்தக் கடுமை தேவைதான். ஆனால் டயாலிசிஸில் இருப்பவருக்கு ஒரு முத்திரைக்காகக் காத்திருக்கும் வாரம் லேசான வாரமல்ல.

மருத்துவ ஆவணத்தைக் கடல் கடக்க வைக்கும் இந்த வேலையை இந்தியாவும் இலங்கையும் வேறு வேறு விதமாகச் செய்து வந்திருக்கின்றன. 1961ஆம் ஆண்டின் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் பொருந்துகிறது. வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் அப்போஸ்டில் என்ற ஒரே சான்று போதும். சேருமிட நாடும் உடன்படிக்கையில் இருந்தால் அந்நாட்டுத் தூதரகத்தின் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. இலங்கை அந்த உடன்படிக்கைக்கு வெளியே நின்றே பழகிய நாடு. வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அத்தாட்சிப்படுத்தும். அதன் மேல் சேருமிட நாட்டின் தூதரகமும் தன் முத்திரையை வைக்க வேண்டியிருக்கும்.

இதை மட்டும் பார்த்தால் இந்திய வழி குறுகியது. என் எண்ணம் வேறு. இந்தியாவில் பாதையின் கடைசிப் பகுதிதான் சுருங்கியிருக்கிறது. முதல் பகுதி அப்படியே நீண்டு கிடக்கிறது. அப்போஸ்டில் அரசு ஆவணங்களுக்கானது. தனியார் மருத்துவமனை டாக்டர் கையெழுத்திட்ட டிஸ்சார்ஜ் சம்மரி சட்டத்தின் கண்ணில் தனியார் காகிதம்தான். அது நோட்டரியிடம் போய், மாநில அரசின் மேலொப்பம் பெற்று, அதன் பிறகே டெல்லியின் முத்திரைக்குத் தகுதி பெறும். 2019 முதல் சென்னையிலேயே அந்த முத்திரை கிடைக்கிறது என்பது பெரிய ஆறுதல். ஆனாலும் 2012இலிருந்து அமைச்சகம் ஆவணங்களை நேரில் வாங்குவதில்லை. வெளி நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஓர் அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய். நோட்டரிக்கும் தலைமைச் செயலகத்துக்கும் நடுவே வழி தெரியாமல் நிற்பவர்களிடம் ஏஜெண்டுகள் கேட்பதோ ஆயிரக்கணக்கில். நோயாளியின் வீட்டார் பேரம் பேசும் நிலையில் இருப்பதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

இலங்கையில் உள்நோயாளிகளில் பெரும்பாலோர் படுப்பது அரசாங்க ஆஸ்பத்திரியில். வார்டில் எழுதிக் கொடுக்கும் டயக்னோசிஸ் கார்டில் இருப்பது ஓர் அரச வைத்தியரின் கையெழுத்து. அவர் யார், எங்கே வேலை செய்கிறார் என்பதைச் சுகாதாரத் துறை தன் பதிவேட்டிலேயே பார்த்துச் சொல்லிவிடலாம். இந்த முதல் படியின் உறுதியை நான் மதிக்கிறேன். முன்பு அடுத்த படியான கொன்சியூலர் அத்தாட்சிக்காக வடக்கிலிருந்து இரவு பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போனார்கள். இப்போது மாவட்டச் செயலகமான யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் இயங்குகிறது. அதன் பின் வரும் தூதரகப் படிக்கு மட்டும் இன்னும் கொழும்புதான் பெரும்பாலானோருக்குக் கதி.

போகும் நாட்டைப் பொறுத்தும் கணக்கு மாறும். ஐக்கிய அரபு அமீரகம் உடன்படிக்கையில் இல்லாததால் துபாய்க்குப் போகும் தமிழ்நாட்டுக்காரரும் இலங்கையர் போலவே தூதரக முத்திரை தேட வேண்டியவர்தான். இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால் அந்த இரு நாடுகளுக்கிடையே அப்போஸ்டில் செல்லவில்லை. கனடா 2024 ஜனவரியில்தான் உடன்படிக்கைக்குள் வந்தது. குடியேற்றத்துக்கான மருத்துவப் பரிசோதனை என்றால் இவை எதுவுமே வேண்டாம்: கனடாவும் ஆஸ்திரேலியாவும் நியமித்த டாக்டர்கள் முடிவைக் கணினி வழியாக நேரே அனுப்பிவிடுகிறார்கள். அந்த வசதி சிகிச்சைக்காகப் போகிறவருக்கு ஏன் இல்லை என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு.

எந்த முத்திரையும் நோயைப் பற்றிப் பேசுவதில்லை. கையெழுத்து உண்மை, கையெழுத்திட்டவரின் பதவி உண்மை, அவ்வளவுதான் அது சொல்லும். பெயரின் எழுத்துக் கூட்டல் பாஸ்போர்ட்டிலிருந்து மாறியிருந்தால் அது திருத்தாது; கார்டில் அவசரமாகக் கிறுக்கிய சுருக்கெழுத்துகளை விளக்காது. ஆகவே பார்க்க வேண்டியதை ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறும் முன்பே பார்த்துவிட வேண்டும். முழுப் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, கையெழுத்தின் கீழே டாக்டரின் பெயரும் பதவியும் மருத்துவ சபைப் பதிவு எண்ணும் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று வார்டிலேயே கேட்டு வாங்குங்கள். அரச வைத்தியர்களுக்கு இடமாற்றம் உண்டு. கையெழுத்திட்டவர் வேறு மாவட்டத்துக்குப் போன பிறகு ஒரு பதிவு எண்ணுக்காக அவரைத் தேடி அலைவது நோயாளியை விட்டுவிட்டுச் செய்யக்கூடிய வேலையல்ல.