கிறுக்கலில் இருந்தவர் எங்கே போனார்?

நம்முடைய சிறுபத்திரிகைகளின் அட்டைகளை வரிசையாகப் பரப்பி வைத்துப் பாருங்கள். அறுந்த சங்கிலி, ஓங்கிய முஷ்டி, பறையடிக்கிற ஒரு கறுத்த உருவம். மார்பு அகலமாக இருக்கும், புஜம் திரண்டிருக்கும், முகம் மட்டும் யாருடையதாகவும் இருக்காது. வரைந்த தோழர்களுக்கு வரையத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். சிலருடைய நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். சாவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேனாவால் இழுத்த கிறுக்கல்கள் அவை. பறையை நெருப்பில் காட்டி வாட்டிக்கொண்டு நிற்கிற பெரியவர். கையிலிருக்கிற நீளக் குச்சி எங்கே முடியுதுன்னு சொல்ல முடியாது, நாலு கோடாக ஓடியிருக்கும். குச்சி ஆடுவது கண்ணுக்குத் தெரியும். அதே பெரியவர் அட்டைக்கு வரும்போது சிலையாகிப் போகிறார்.

கேட்டால், கிறுக்கும்போது இருந்த வேகம் திருத்தி வரையும்போது வராது என்பார்கள். பாதிதான் உண்மை. வேகமாக வரைந்த செத்த படங்களும் எத்தனையோ இருக்கின்றன. கிறுக்கும்போது நம் கண் எதிரில் இருக்கிற ஆளின்மேல் இருக்கிறது. அவர் அசைந்தால் கோடும் தடுமாறுகிறது. பிறகு வீட்டில் வந்து நகல் எடுக்கும்போது கண் கோட்டின்மேல் போய்விடுகிறது. கோட்டைப் பார்த்துக் கோடு போடுகிறோம். நாலில் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை அழிக்கிறோம். முடியாமல் நின்ற கோடுகளை முடிக்கிறோம். இதற்குச் 'சுத்தப் பிரதி' என்று பெயர். சுத்தம் என்கிற சொல்லை எங்கே கேட்டாலும் நமக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் வேண்டும்.

1943 வங்கப் பஞ்சத்தை வரைந்தவர்களிடம் இதைப் பார்க்கலாம். சித்தப்ரசாத் (1915–1978) பிராமணக் குடும்பத்தில் பிறந்து, சாதியை மறுத்துப் பட்டாச்சார்யா என்கிற பட்டப்பெயரை உதறியவர். அந்த வருஷம் நவம்பரில் மிதினாப்பூர் மாவட்டத்தில் சுற்றினார். சுமார் 30 லட்சம் பேர் செத்ததாகக் கணக்குச் சொல்லப்படும் பஞ்சம் அது. முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத கூலிகளும் மீன்பிடிப்பவர்களும் நெல் குத்திப் பிழைத்த பெண்களும். சித்தப்ரசாத்தின் மைக்கோடுகளில் விலா எலும்பு எண்ணுகிற மாதிரி தெரியும். ஆனால் அந்த எலும்பு பொது எலும்பு இல்லை. படத்தோடு ஆளின் பெயர், ஊர், என்ன ஆச்சு என்கிற விவரத்தையும் அவர் எழுதி வைத்தார். 'பசித்த வங்காளம்' என்று அது புத்தகமாக வந்தபோது 5,000 பிரதிகளையும் பிரிட்டிஷ் அரசாங்கம் பறித்து அழித்தது. குடும்பத்தார் பாதுகாத்த ஒரு பிரதி தப்பியது.

அதே கை 1950களில் லினோலியத்தில் செதுக்கிய குழந்தைத் தொழிலாளர் படங்களையும் பாருங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டுமானம் அபாரம். குறையே சொல்ல முடியாது. எனக்கு அதுதான் குறையாகப் படுகிறது. மிதினாப்பூரில் பேர் சொல்லி அறிமுகமான ஆட்கள் இங்கே 'குழந்தைத் தொழிலாளி' என்கிற வகையாகிவிட்டார்கள். விளிம்புக்கோடு எல்லாப் பக்கமும் மூடிக்கொண்டு விட்டது.

அப்படியானால் முடித்து வரையவே கூடாதா? அதற்குப் பதிலாக ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸைச் சொல்வேன். 1919 ஜனவரியில் கார்ல் லீப்க்னெக்ட் கொல்லப்பட்டபோது, குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் சவக்கிடங்குக்குப் போய் அவர் முகத்தை வரைந்தார். பிறகு அதை ஒரு நினைவுப் படமாக்க முயன்றார். செப்புத் தகட்டில் செய்து பார்த்தார், சரிவரவில்லை. கல்லச்சில் செய்தார், அதுவும் வேண்டாம் என்று விட்டார். 1920இல் எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குப் படங்களைப் பார்த்த பிறகு மரத்துக்குப் போனார். மரம் பென்சிலின் பழக்கத்தை அனுமதிக்காது. செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு, அச்சில் இடமும் வலமும் மாறிவிடும். பழைய கோட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போக வழியில்லை. என்ன பார்த்தோம் என்பதை முதலிலிருந்து யோசித்தாக வேண்டும். முடிந்த படத்தில் செத்தவர் கீழே நீளமாகக் கிடக்கிறார். தாளை நிறைப்பது குனிந்து அஞ்சலி செலுத்த வந்த தொழிலாளர்களின் முதுகும் கையும் தலையும். சவக்கிடங்கில் எடுத்த கோடு ஒன்றுகூட இதில் மிஞ்சியிருக்காது. ஆனால் அந்தக் கனம் இருக்கிறது.

சோம்நாத் ஹோர் (1921–2006) இதே வழியில் இன்னும் தூரம் போனவர். சித்தப்ரசாத் தூண்டிவிட்டுப் பஞ்சத்தை வரைய வந்த இளைஞர் அவர். 1946 டிசம்பரில் கட்சி அனுப்பி ரங்கப்பூருக்குப் போய், விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்ட தேபாகா போராட்டத்தை நாட்குறிப்பும் படமுமாகப் பதிவு செய்தார். அவற்றிலிருந்து மரச்செதுக்குகள் வந்தன. 1970களில் அவர் செய்த 'காயங்கள்' வரிசையில் ஆளே இல்லை, மையும் இல்லை. களிமண் பலகையைக் கத்தியால் கீறி, சூட்டுக்கோலால் பொசுக்கி, அதைச் சிமெண்டில் அச்செடுத்து, அதில் காகிதக்கூழை அழுத்தி எடுத்தார். வெள்ளைத் தாளில் வெள்ளையாகவே ஒரு வெட்டு. கிழித்த கையின் அசைவு அப்படியே நிற்கிறது.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். ரங்கப்பூர், தினாஜ்பூர் பக்கம் தேபாகாவில் முன்னே நின்றவர்களில் பெரும்பகுதி ராஜ்பன்ஷி மக்கள், பட்டியல் சாதியினர். காட்சிக்கூடச் சுவருக்கு வரும்போது அவர்கள் பொதுவாக 'விவசாயிகள்' ஆகிவிடுகிறார்கள். கோட்டில் மட்டுமில்லை, தலைப்பிலும் இந்தச் சுத்தப்படுத்தல் நடக்கிறது.

நம் எழுத்துக்கு இதில் வேலை இருக்கிறது. ஊர்ப் பக்கம் போய் வாக்குமூலம் பதிவு செய்துகொண்டு வருகிற மாணவத் தோழர்கள், நாடாவில் 'வந்தாக, அடிச்சாக' என்று இருப்பதை அச்சில் 'வந்து தாக்கினர்' என்று மாற்றுகிறார்கள். அந்தக் கிழவி அடிக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்தினாளே, அது எங்கே? சரி, திருத்தாமல் விட்டால் போதுமா என்றால், அது சோம்பல். அதோடு ஆபத்தும்கூட. நாம் எழுதுவது 'பச்சையாக' இருக்கிறது, 'கச்சாவாக' இருக்கிறது என்று பாராட்டுகிற விமர்சகர்கள் இருக்கிறார்கள். கலையை அவங்க வச்சுக்கிட்டு ஆவணத்தை நமக்கு விடுகிற பாராட்டு அது.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அதன் பேச்சுமொழியைக் கொச்சை என்றார்கள். பிறகு அதையே வெள்ளந்தி என்று புகழவும் ஆரம்பித்தார்கள். இரண்டு பேருமே புத்தகத்தின் அமைப்பைக் கவனிக்கவில்லை. அதில் சம்பவங்கள் வயது வரிசைப்படி வரவில்லை. வேலை, விளையாட்டு, கோயில், படிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் வாழ்க்கை திரும்பத் திரும்ப வேறு பக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. ஒருமுறை சொன்ன ஊரையே மறுபடி மறுபடி வரைந்து பார்க்கிற வேலை அது. நம் மாணவர்கள் அதை வாக்குமூலமாக மட்டும் இல்லாமல், எப்படிக் கட்டியிருக்கிறது என்று பத்திபத்தியாகப் பிரித்தும் படிக்கலாம்.